தலைப்பு கொடுப்பதற்கு முன்

வரலாற்றுத் துறைப் பேராசிரியையின் கையில் ஒரு தாள் இருக்கிறது. அதில் 22 தலைப்புகள். முதுகலை இரண்டாமாண்டு மாணவர்களின் ப்ராஜெக்டுக்கானவை. துறைப் பலகையில் ஒட்டுவதற்கு முன் அதை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்திருக்கிறார்.

காவிரிப் படுகையில் ஓர் அரசு கலைக் கல்லூரி அது. பழைய கட்டடம், உயரமான சன்னல்கள், மின்விசிறி சுற்றும் சத்தம். செய்தித்தாள் மேசையின் ஓரத்து நாற்காலி, பழைய மாணவன் என்ற உரிமையில் எனக்குக் கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் நூலகரின் மேசை நேராகத் தெரியும். புதிதாக வந்த புத்தகங்களுக்கு ஆக்சஷன் எண் போட்டு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். பேராசிரியை வந்ததும் முத்திரையை வைத்துவிட்டுத் தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த நாற்காலி கவுண்டருக்கு உள்பக்கம் போடப்பட்டதைக் கவனித்தேன். கல்லூரி நூலகங்களில் ஆசிரியர்கள் பெரும்பாலும் கவுண்டருக்கு வெளியே நின்று புத்தகம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

"சார், இத ஒரு தடவை பாத்துருங்க. திங்கக்கிழமை போர்டுல போடணும்."

நூலகர் பென்சிலை எடுத்தார். முதல் தலைப்பிலேயே நின்றுவிட்டார். காவிரி நீர்ப் பங்கீட்டு வரலாறு.

"இதுக்கு நம்மகிட்டயே நாப்பது புக் இருக்கு மேடம். பிள்ளைங்க எதையும் முழுசாப் படிக்க மாட்டாங்க. நாலு புக்குலேர்ந்து நாலு நாலு பக்கம் எடுத்துக்குவாங்க."

"அப்ப எப்படி வைக்கலாம்?"

"சின்னதாக்குங்க. ஒரு ஆறு, ஒரு வருஷம்."

பேராசிரியை சன்னல் பக்கம் பார்த்து யோசித்தார். "1924 காவிரி வெள்ளம்?"

நூலகர் பதில் சொல்லவில்லை. எழுந்து 954.82 என்று எண்ணிட்ட அடுக்குக்குப் போய் இரண்டு புத்தகங்களோடு திரும்பினார். ஒன்று, ஹெமிங்வே 1906இல் வெளியிட்ட தஞ்சாவூர் மாவட்டக் கெசட்டியர். இன்னொன்று, அதே மாவட்டத்துக்கு 1957இல் பி. எஸ். பாலிகா தயாரித்த கையேடு. "வெள்ளம் இந்த ரெண்டுக்கும் நடுவுல வருது. முன்னாடி ஊர் எப்படி இருந்துச்சுன்னு இதுல பாக்கலாம், பின்னாடி என்ன ஆச்சுன்னு அதுல தேடலாம். நடுவுல உள்ளதுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். பொதுப்பணித்துறை, வருவாய்த்துறை அரசாணைகள் அங்கதான்."

அவர் பென்சில் கீழே இறங்கியது. சோழர் காலக் கோயில்கள் பற்றிய தலைப்பில் நின்றார். கணினித் திரையைப் பேராசிரியை பக்கம் திருப்பி, சோத்கங்கா தளத்தைத் திறந்து காட்டினார். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் சேர்ந்திருக்கும் இடம் அது. அந்தத் தலைப்பில் பக்கம் பக்கமாக வந்தது. பேராசிரியையே அதை அடித்தார்.

தேவதாசி முறை ஒழிப்பைப் பற்றிய தலைப்பு வந்தபோது நூலகர் கேட்ட கேள்வி என்னை நிமிர வைத்தது. "நல்ல தலைப்பு மேடம். ஆனா இதுக்கு மெட்ராஸ் போய் அஞ்சாறு நாள் தங்கணும். எந்தப் பிள்ளைக்குக் குடுக்கப் போறீங்க?"

தலைப்புக்குப் பின்னால் ரயில் டிக்கெட் இருக்கிறது, தங்கும் செலவு இருக்கிறது, அப்பா அனுப்புவாரா என்ற கேள்வி இருக்கிறது. இது பாடத்திட்டத்தில் எழுதப்படுவதில்லை. தினமும் மதியம் சாப்பிடாமல் நூலகத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை யார் என்பது நூலகருக்குத் தெரியும். வகுப்பில் யார் கூர்மையாகக் கேள்வி கேட்கிறார் என்பது பேராசிரியைக்குத் தெரியும். இரண்டும் ஒரே தாளின் முன்னால் சேர்ந்தபோது 22 தலைப்புகள் 15 ஆயின. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலில் சிறு குறிப்பு: இங்கே இருப்பது, இணையத்தில் கிடைப்பது, வெளியூர் போனால்தான் கிடைப்பது.

இப்படி நடப்பது அரிது. வழக்கம் வேறு. ஜூலையில் தலைப்புப் பட்டியல் ஒட்டப்படும். "லைப்ரரிக்குப் போய்ப் பாருங்க" என்று ஒரு வாக்கியம் சொல்லப்படும். பிப்ரவரிக் கடைசியில் மாணவர் மூச்சிரைக்க வந்து, "ப்ராஜெக்டுக்கு ஏதாவது புக் குடுங்க சார்" என்று நிற்பார். அன்று அந்தப் பிள்ளைக்கு யாராலும் உதவ முடியாது. ஏதோ இரண்டு பாடநூல்களை வாங்கிக்கொண்டு போவார். ஆய்வேடு முடிந்த பிறகு, எத்தனை சதவீதம் நகல் என்று மென்பொருளில் போட்டுப் பார்ப்பதற்கு நூலகரை மறுபடி நினைப்பார்கள். தேர்வு நேரத்தில் நோ டியூ சான்றிதழுக்கு நினைப்பார்கள். யுஜிசி சம்பள விகிதத்தில் கல்லூரி நூலகர் உதவிப் பேராசிரியருக்கு நிகரானவர். ஆனால் பாடத்திட்டக் குழுவில் அவருக்கு இடம் போட்டு நான் பார்த்ததில்லை. தேடத் தெரிந்தவரைத் தேடல் முடிந்த பிறகு கூப்பிடுவது மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆசிரியரும் நூலகரும் இரு வேறு சாதி என்ற எண்ணம் தமிழ்நாட்டில் வளர்ந்ததுதான் பெரிய வருத்தம். இந்திய நூலக இயலின் தந்தை என்று போற்றப்படும் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் வகுப்பறையிலிருந்து வந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். போன புதிதில் அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. வகுப்புக்கே திரும்பிவிட விரும்பினார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்து முடிவு செய்யட்டும் என்று அனுப்பினார்கள். அங்கே நூலகங்கள் இயங்கும் விதத்தைப் பார்த்தவர் மனம் மாறித் திரும்பினார். 1931இல் அவர் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று வாசகரின் நேரத்தைக் காப்பது பற்றியது. பிப்ரவரியில் மூச்சிரைக்க வரும் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த விதிதான் நினைவுக்கு வரும். கற்பித்த அனுபவம் உள்ள ஒருவரால்தான் அதை ஒரு விதியாகவே எழுத முடிந்தது என்பது என் நம்பிக்கை.

அடுத்த வாரம் அந்த வகுப்பே நூலகத்துக்கு வந்தது. "லைப்ரரி விசிட்" என்று அலமாரிகளைச் சுற்றிக் காட்டி அனுப்பும் சடங்கு அங்கே நடக்கவில்லை. மாணவர்கள் கையில் தலைப்பு இருந்தது. ஆளுக்கொரு கேள்வி இருந்தது. பேராசிரியை முன்னால் நிற்காமல் நடுப்பெஞ்சில் மாணவிகளோடு உட்கார்ந்து நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார். மேடமே குறிப்பெடுக்கிறார் என்றதும் கைபேசிகள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின.

நூலகர் பேசியது கொஞ்சம், செய்து காட்டியது நிறைய. கோஹா மென்பொருளில் நம் நூலகத்தைத் தேடுவது, தேசிய மின்னூலகத்தைத் திறப்பது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்களைப் பார்ப்பது. 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் 13,000க்கும் மேற்பட்ட ஆய்விதழ்கள் அரசுக் கல்லூரிகளுக்கு வந்திருப்பதைச் சொன்னார். பின்வரிசையில் ஒருவன் "ஃப்ரீயா சார்?" என்றான். "உனக்கு ஃப்ரீ தம்பி. அரசாங்கம் காசு கட்டியிருக்கு. படிக்கலைன்னா அது வீண்" என்றார்.

வெள்ளத் தலைப்பு கிடைத்த பெண் கொள்ளிடக் கரை ஊர்க்காரி. அவள் போட்ட சொற்களுக்குத் திரையில் ஒன்றும் வரவில்லை. நூலகர் பக்கத்தில் குனிந்து, "அந்தக் காலத்து இங்கிலீஷ் பதிவுல உங்க ஆத்துக்குப் பேரு கோலரூன். தஞ்சாவூரு டான்ஜோரு. அப்படிப் போடு" என்றார். போட்டாள். பட்டியல் நீண்டுகொண்டே போனது. அவள் தலையைத் திருப்பிப் பேராசிரியையைப் பார்த்த பார்வையில், தன் ஊர் ஆறு இத்தனை காலமும் வேறு பெயரில் ஒளிந்திருந்த வியப்பு இருந்தது.

அதே தலைப்பில் ஆர்வம் காட்டிய இன்னொரு மாணவன், வேலை முடிந்துவிட்ட முகத்தோடு கைபேசியை நீட்டினான். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு, வெள்ளத்தைப் பற்றி இரண்டு பக்கமும், கீழே எட்டு மேற்கோள் நூல்களும் வாங்கி வைத்திருந்தான். ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் ஒழுங்காக இருந்தன.

நூலகர் முகம் மாறவில்லை. பெரிய திரையில் எல்லாரும் பார்க்க ஒவ்வொன்றாகத் தேடினார். முதல் நூல் எங்கும் இல்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதில் நிறுத்தினார். "இந்த ஆசிரியர் நெசமாவே இருக்கார். ஆனா இந்தப் புக்கை அவர் எழுதல." ஒரு கட்டுரையைக் காட்டினார். "இந்த இதழும் இருக்கு. இது சொல்ற பக்கத்துல வேற ஒருத்தர் கட்டுரை இருக்கு." மாணவனின் காது சிவந்தது. வகுப்பில் ஒரு சிரிப்பு எழும்பப் பார்த்தது. பேராசிரியை கையை உயர்த்தியதும் அடங்கியது.

அவர் கைபேசியை வாங்கி அந்த இரண்டு பக்கத்தைப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. "மேட்டூர் அணையின் மதகுகளைத் திறந்ததால் வெள்ளம் வந்ததுன்னு இதுல இருக்கு. மேட்டூர் அணை எப்ப கட்டுனாங்க?"

யாரோ மெதுவாகச் சொன்னார்கள். "1934 மேடம்."

"வேலை ஆரம்பிச்சதே 1925. வெள்ளம் எப்ப?"

பதில் தேவைப்படவில்லை. இல்லாத நூலை நூலகர் கண்டுபிடித்தார், இல்லாத அணையைப் பேராசிரியை கண்டுபிடித்தார். ஒருவர் மட்டும் இருந்திருந்தால் பாதிப் பொய் தப்பியிருக்கும். அந்த அரை மணி நேரத்துக்காகவே ஒவ்வொரு கல்லூரியிலும் இந்த இருவரையும் ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மாணவனை யாரும் திட்டவில்லை. நூலகர் அவனுக்கு மலபார்ப் பக்கம் வேலை கொடுத்தார். அதே 1924 ஜூலையில் மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டிய மழை கேரளத்தையும் மூழ்கடித்தது. கொல்லம் ஆண்டு 1099இல் வந்ததால் அங்கே அதற்குத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்றே பெயர். மலபார் மக்களுக்கு நிதி கேட்டு காந்தி எழுதியது அவரது எழுத்துகளின் தொகுப்பில் இருக்கிறது. "அந்த வரிசை மேல்தட்டுல இருக்கு தம்பி. ஸ்டூல் போட்டு எடு. அந்த வருஷத்துத் தொகுதிய மட்டும் பாரு." அவன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போன வேகத்தில் அவமானம் பாதி கரைந்திருந்தது.

கொள்ளிடக் கரைப் பெண் இதற்குள் 1906 கெசட்டியரில் வெள்ளத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். நூலகர் ஒன்றும் சொல்லாமல் முகப்புப் பக்கத்தைத் திருப்பி ஆண்டின் மேல் விரலை வைத்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப இது எனக்கு எதுக்கு சார்?" பேராசிரியை பதில் சொன்னார். "வெள்ளம் அழிச்சதை எழுதணும்னா அதுக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சுன்னு தெரியணும்ல? ஆர்தர் காட்டன் கொள்ளிடத்துல கட்டுன அணைங்க, வாய்க்கால், பாசனம் எல்லாம் அதுல இருக்கு. மொதல்ல அத எழுது."

அன்று ஒரு ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. இன்டர்னல் மதிப்பெண் 25இல் 5, தேடல் நோட்டுக்கு. நோட்டில் நான்கு பத்தி: எங்கே தேடினேன், என்ன சொல் போட்டேன், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நூலகர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். மதிப்பெண்ணைப் பேராசிரியை அவரோடு கலந்து போடுவார். நான்காவது பத்தி காலியாக இருந்தால் மதிப்பெண் இல்லை என்று பேராசிரியை சொன்னபோது மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிடைக்கவில்லை என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் என்பதை அவர்கள் பள்ளி நாளிலிருந்து கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் அந்த நோட்டுகள் மேசையில் சேரும். நூலகர் பச்சை மையில் எழுதுவார். நீண்ட அறிவுரை எதுவும் கிடையாது. "கூகுளில் மட்டும் தேடியிருக்கிறாய்." "பக்க எண் எங்கே?" "மேடத்திடம் கேள், இது எனக்குத் தெரியாது." இந்தக் கடைசி வகைக் குறிப்பு எனக்குப் பெரிதாகப் பட்டது. பேராசிரியையும் சிவப்பு மையில் பல இடத்தில் "நூலகரிடம் கேள்" என்று எழுதியிருந்தார். தங்களுக்குத் தெரியாததைப் பெரியவர்கள் இருவர் பிள்ளைகளின் நோட்டிலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

இந்த ஒத்துழைப்பு எப்போதும் இனிமையாக ஓடியது என்று சொல்ல மாட்டேன். நூலகருக்கு ஸ்டாக் வெரிஃபிகேஷன், நாக் தரமதிப்பீட்டுக் கோப்புகள், பைண்டிங் பில், உதவியாளர் இல்லாத கவுண்டர். சில வெள்ளிக்கிழமைகளில் நோட்டுகள் தொடப்படாமல் கிடந்தன. பேராசிரியைக்கோ நாள் முழுக்கத் தொடர்ந்து வகுப்புகள். ஒருமுறை அவர் சொல்லாமலேயே ஒரு தலைப்பை மாற்றிக் கொடுத்துவிட, அந்தப் பையனுக்காகப் பக்கத்துக் கல்லூரி நூலகத்தில் சொல்லி வைத்திருந்த நூலகர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பேராசிரியை ஃபிளாஸ்கில் டீயோடு வந்தார். அதன் பிறகு தலைப்பை மாற்றினால் முதல் தகவல் நூலகத்துக்கு என்று ஆனது. இவ்வளவும் இருவரின் விருப்பத்தில் நடப்பது என்பதுதான் என் கவலை. கால அட்டவணையில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் டீ வாங்கி வர வேண்டியதில்லை. இருவரில் ஒருவருக்கு இடமாறுதல் வந்தாலும் அது நிற்காமல் நடக்கும்.

வெள்ளத் தலைப்புப் பெண்ணுக்காக வரலாற்றாசிரியர் வேங்கடாசலபதியின் 'முச்சந்தி இலக்கியம்' மேசைக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. வெள்ளம், தீ, ரயில் விபத்து எது நடந்தாலும் சிந்தாகக் கட்டி, மலிவு அச்சில் போட்டுச் சந்தையிலும் ரயில் நிலையத்திலும் பாடி விற்ற காலத்தைப் பற்றிய புத்தகம் அது. வெள்ளத்தைப் பற்றி மக்கள் என்ன பேசினார்கள் என்பதற்கு அரசாணையில் இடமில்லை, இந்தச் சிறு வெளியீடுகளில் இருக்கலாம் என்று பேராசிரியை சொன்னார். அவை எங்கே இருக்கும் என்று நூலகர் சொன்னார். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களும் துண்டுப் பிரசுரங்களும் அவர் மறைவுக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின. இப்போது தரமணியில் இருக்கிறது. "எழும்பூருக்குப் போற அன்னிக்கே அங்கயும் போயிட்டு வந்துரு. முன்னாடியே மெயில் போட்டு என்ன வேணும்னு கேட்டுக்க. சும்மா போய் நின்னா ஒரு நாள் போயிரும்." காப்பகத்தில் காட்ட வேண்டிய துறைத் தலைவரின் கடிதத்துக்கு மாதிரி எழுதிக் கொடுத்ததும் அவர்தான். அதில் 'வெள்ளம் தொடர்பான ஆவணங்கள்' என்றிருந்ததை அடித்து, துறை, ஆண்டு, மாதம் என்று பேராசிரியை எழுதினார். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் கிடைக்கும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரம், அந்தப் பெண் சென்னையிலிருந்து திரும்பியிருந்தாள். மாமா வீட்டில் தங்கிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். நோட்டு தடித்திருந்தது. முகத்தில் மட்டும் ஏதோ குறை.

"எல்லாம் கிடைச்சுது மேடம். உடைப்பு, நிவாரணம், எந்தெந்த ஊருன்னு பட்டியல்கூட இருக்கு. எங்க ஊரு பேரு மட்டும் இல்ல."

"உங்க ஊர்ல வெள்ளம் வந்துச்சுன்னு யார் சொன்னது?"

"எங்க அப்பாயி. அவங்க மாமியார் சொல்லிக் கேட்டதாம். அய்யனார் கோயில் மூணாவது படி வரைக்கும் தண்ணி நின்னுச்சாம். படியில கோடு வெட்டி வச்சிருக்காங்க."

நூலகர் நோட்டை வாங்கிப் புரட்டினார். "வேற வட்டத்துல சேத்திருப்பாங்க. அப்ப எல்லை வேற. அந்த வட்டத்து ஆவணக் கட்டையும் பாத்தியா?"

"பாத்தேன் சார். அதுலயும் இல்ல."

"பட்டியல் போட்டவன் உங்க ஊருக்கு வந்திருக்கவே மாட்டான்" என்றார் பேராசிரியை.

"அப்படிச் சொல்லிற முடியாது மேடம். இன்னொரு கட்டு இருக்கலாம். நாம பாக்காததை இல்லைன்னு எழுதக் கூடாது."

"பாத்த வரைக்கும் இல்லைன்னு எழுதலாம்ல?"

இருவரும் மேசைக்குக் குறுக்கே ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல் பேசினார்கள். குரல் உயர்ந்தது. வாசித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், நடுவில் புகுந்தாள்.

"மேடம், பட்டியல்ல எங்க ஊரு இல்லைங்கறதையும், படியில கோடு இருக்குங்கறதையும் சேத்து ஒரு அத்தியாயமா எழுதட்டுமா?"

பேராசிரியை நூலகரைப் பார்த்தார்.

"எந்தக் கட்டு, என்ன நம்பர், எத்தனை பக்கம் பாத்தேன்னு ஒண்ணு விடாம எழுதணும்" என்றார் அவர்.

"எழுதறேன் சார்."

"அந்தக் கோடு தரையிலேர்ந்து எவ்வளவு உசரம்?" என்று பேராசிரியை கேட்டார். "மூணாவது படின்னா நான் ஒத்துக்க மாட்டேன். அளந்துட்டு வா. கோட்டை எப்ப, யாரு வெட்டுனாங்கன்னும் கேளு."

அவள் நோட்டை மூடினாள். "எங்க வீட்டுல டேப் இல்லையே."

அலமாரி அளக்க வைத்திருந்த இரும்பு டேப்பை டிராயரிலிருந்து எடுத்து நூலகர் மேசைமேல் வைத்தார். "லெட்ஜர்ல கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போம்மா. திங்கக்கிழமை திரும்பி வரணும்."